மேலச்சீமையில் மழை இல்லை

ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த சுருளிமுத்து, 1974 பங்குனியில், கம்பத்துக்கு மேற்கே ஒரு சரக்குக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது சொன்ன கதை இது. பின்னர் வேறு ஊர்களில் கேட்ட பாடங்களில் பெயர்கள் மாறுகின்றன, முடிவும் மாறுகிறது. இங்கே அவர் சொன்ன வரிசை பின்பற்றப்படுகிறது.

வெகு காலத்துக்கு முன்னே கருங்குன்ற நாட்டைக் குமாரரங்க பூபதி என்றொரு ராசா ஆண்டான். காலையில் தலையாட்டிய காரியத்துக்கே மாலையில் தலை வாங்குகிற ராசா. அவனுக்குப் பிரதானி அழகியநம்பி. நம்பியின் பதவிமேல் கண் வைத்துக் காத்திருந்தவர் ஆஸ்தான சோதிடர் திரிகால பண்டிதர்.

சித்திரை முதல் நாள் சபையில் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். கோடை மழை எந்தச் சீமைக்கு உண்டு, எதற்கு இல்லை என்று பண்டிதர் சொல்வார். மழையில்லாச் சீமையில் உழவு இராது. ஆகவே அங்குள்ள ஆண்களை அரண்மனை வேலைக்குப் பிடிப்பது வழக்கம். அவ்வாண்டு அரசனுக்கு மேற்கு மலை உச்சியில் கோட்டை கட்டும் ஆசை பிறந்திருந்தது. பண்டிதர் ஏட்டைவிட அரசன் முகத்தையே அதிகம் பார்த்து வாசித்தார்.

"கீழச்சீமையில் பூந்தூறல். நடுச்சீமையில் இரண்டொரு சாறல். மேலச்சீமையில் சித்திரை முடியும்வரை மழையும் இல்லை, இடியும் இல்லை!"

"அப்படியானால் மேலச்சீமை ஆள்களை மலையேற்றுங்கள்" என்றான் அரசன். "பண்டிதர் வாக்கு என் வாக்கு. மழை இல்லை என்ற இடத்தில் மழை என்பவன் தலை தங்காது."

"பிரபு, கோடை இடி முதலில் தேடுவது மலை உச்சியைத்தான்..." என்று நம்பி தொடங்கினார்.

"பிரதானியாருக்கு உதறல் எடுக்கிறது. யாராவது ஒரு குடை கொடுங்களேன்!" என்றார் பண்டிதர். சபை சிரித்தது.

சில நாளில் மலையிலிருந்து ஒச்சப்பன் என்ற உழவன் ஓடிவந்து அரசன் காலில் விழுந்தான்.

"சாமி, மலையில இடி விழுந்துருச்சு. கடப்பாரையும் கையுமா நின்ன என் தம்பி விருமன் கருகிப் போனான். பேய் மழை சாமி! மிச்ச ஆளுகளையாவது இறக்கி விடுங்க."

"மழையா?" பண்டிதர் எழுந்தார். "குடித்துவிட்டு அடுப்பில் விழுந்த தம்பிக்கு இவன் இடியைச் சாட்சிக்கு அழைக்கிறான், மகாராஜா!"

"பொய் சாட்சி. தலையை எடுங்கள்" என்றான் அரசன்.

நம்பி மனத்துக்குள் கணக்குப் போட்டார். 'இவன் சொல்வது மெய்' என்றால் அடுத்த தலை தம்முடையது, ஒச்சப்பனுடையதும் மிஞ்சாது. அவர் குரலைச் சமன் செய்துகொண்டார்.

"தண்டனை தகும், பிரபு. ஆனால் எந்த இடத்தைப் பற்றிப் பொய் சொன்னானோ அந்த இடத்திலேயே, அரசர் கண்முன்னே, பொய் சாட்சிக்காரனை வெட்டுவதுதானே நம் நாட்டு முறை? நாளை உச்சிப்பொழுது கழிந்ததும் மலையில் நடக்கட்டும். பந்தல் வேண்டாம், குடை வேண்டாம். பண்டிதர் வாக்கை அரசரே ஐயுற்றார் என்று யாரும் பேசிவிடக் கூடாது."

"பிரதானியார் இன்றுதான் முதன்முறையாகப் புத்தியோடு பேசுகிறார்" என்று பண்டிதர் மகிழ்ந்தார்.

மறுநாள் மலையுச்சியில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பாறையில் வெயில் அனலாய்க் கொதித்தது. பாதி எழும்பிய மதிலோரம் வேலையாள்கள் நின்றார்கள். அந்தப் பருவத்தில் பிற்பகலானால் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறும் என்பது நம்பிக்குத் தெரியும். ஆனால் மேகம் அவர் வைத்த ஆள் அல்லவே. ஒச்சப்பன் மண்டியிட்டான். வாள் உயர்ந்தது.

"சற்றுப் பொறு" என்றார் நம்பி. "எந்த வாக்கை மறுத்ததால் சாகிறான் என்பதைக் குற்றவாளி கேட்க வேண்டாமா? பண்டிதர் பெருமானே, தங்கள் திருவாயால் முழுவதையும் ஒருமுறை வாசித்தருள வேண்டும்."

பண்டிதர் உச்சி குளிர்ந்துபோனார். ராகம் இழுத்து வாசித்தார். கீழச்சீமைத் தூறலுக்கு ஒரு விளக்கம், அதற்கொரு உரை, நடுச்சீமைச் சாறலுக்குக் கிரக நிலை. அவர் மேலச்சீமைக்கு வந்தபோது ஏட்டின்மேல் நிழல் விழுந்தது.

"மழையும் இல்லை..." என்றார். ஏட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

"மேலே படியுங்கள்" என்றார் நம்பி.

"இடியும்..." என்பதற்குள் மலை அதிர்ந்தது. வானம் கொட்டத் தொடங்கிற்று. சபையோர் தலைப்பாகைச் சாயம் கரைய நனைந்தார்கள், ஒருவரும் அசையவில்லை.

"சேனாபதி, முகத்தில் என்ன வழிகிறது?" என்று கேட்டான் அரசன்.

"வியர்வை, மகாராஜா. நல்ல வெயில்."

"பண்டிதரே?"

பல் கிட்டிய வாயோடு பண்டிதர், "பன்னீர்... தேவர்கள் தெளிப்பது" என்றார்.

அப்போது எதிர்ப் பாறையில் நின்ற ஒற்றைப் பனை இடிபட்டுப் பிளந்து எரிந்தது. வெட்டுவோன் வாளை வீசியெறிந்து குப்புற விழுந்தான். அரசன் தலையைப் பொத்திக்கொண்டு அலறினான்: "மழையில் நிற்க வைத்துக் கொல்கிறீர்களே! குடை எங்கேயடா?"

"பிரபு, எதில் நிற்க வைத்து?" என்றார் நம்பி மெதுவாக.

அரசன் அவரைப் பார்த்தான், மண்டியிட்டிருந்தவனைப் பார்த்தான்.

"இவன் கைக்கட்டுகளை அவிழுங்கள்" என்றான் பிறகு. "பண்டிதர் கையில் கடப்பாரையைக் கொடுங்கள். சித்திரை முடியும்வரை இந்த உச்சியில் அவர் காவல். மற்றவர்கள் எல்லோரும் கீழே இறங்கட்டும். ஒச்சப்பா, நீ உழும் நிலம் இனி உனக்கே."

ஒச்சப்பன் எழவில்லை. "நிலம் இருக்கட்டும் சாமி. குடிச்சு விழுந்து செத்தவன்னு சபையில சொன்னதக் கேட்டு, என் தம்பியத் தூக்க நாலு பேரு வரல. அவன் மழையில நின்னு, இடி விழுந்து செத்தான்னு ஒங்க வாயால ஒருக்காச் சொல்லுங்க."

வேலையாள்கள் கேட்க, மழைக்கு மேல் குரலை உயர்த்தி, அரசன் சொன்னான்.

சுருளிமுத்துவின் கதை இவ்வளவே. கூடலூரில் கேட்ட பாடத்தில் பனை எரிவது வரை வேறுபாடு இல்லை. அங்கே அரசன் குடை கேட்பதில்லை. கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துவிட்டுக் கையசைக்கிறான், வாள் இறங்குகிறது. எல்லோரும் வழுக்கி வழுக்கி மலையிறங்குகிறார்கள். வழி நெடுக வெயிலைப் பற்றியே பேசுகிறார்கள். அவர்களில் நம்பியும் ஒருவர்.