எட்டு விலகிய வரிசை

எண்களுக்கும் வாயும் வயலும் இருந்த அந்தக் காலத்தில், ஒன்று முதல் ஒன்பது வரை எல்லோரும் ஒரே ஊரில் குடியிருந்தார்கள். ஒன்று கடைக்குட்டி. ஒன்பது மூத்தவர்.

ஒருநாள் விதைநெல் களத்தில் குவிந்திருக்கும்போது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நெல் நனைந்தால் அந்த வருடம் விதைப்பு இல்லை. உடனே பந்தல் போட்டாக வேண்டும்.

பந்தல்கால் நட அந்த ஊரில் ஒரு முறை உண்டு. எல்லோரும் 123456789 என்று வரிசையில் நிற்பார்கள். வலக்கோடியிலிருந்து ஒவ்வொருவரும் தன்னை ஒன்பதால் பெருக்கி, கடைசி இலக்கத்தைத் தன் இடத்தில் நட்டுவிட்டு, மீதியை இடப்பக்கத்தாரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தன் கணக்கோடு கூட்டிக்கொள்வார். இடக்கோடியில் நிற்பவர் தன் மீதியையும் பக்கத்திலேயே நட்டுவிடுவார்.

ஒன்பது தொடங்கினார். "ஒன்பதொன்பது எண்பத்தொன்று. ஒன்றை நட்டாச்சு. தம்பி, மீதி எட்டைப் பிடி."

"எட்டொன்பது எழுபத்திரண்டு. நீங்க தந்ததோட எண்பது" என்றான் எட்டு. அவன் இடத்தில் கால் நிற்கவில்லை. 0 என்று ஒரு குழிதான் விழுந்தது. மீதி எட்டை ஏழிடம் கொடுத்தான். அதற்கப்புறம் கோடிவரை கால்கள் நிமிர்ந்தன: 1111111101. கூரையை ஏற்றியதும் குழிப்பக்கம் சரிந்தது.

"எட்டண்ணன் ராசி அப்படி" என்றான் நான்கு.

"என்னை ரெண்டாப் பிரிச்சா ரெண்டு பேரும் நீதான்டா. பார்த்துப் பேசு."

சிரித்தார்கள். எட்டு மட்டும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, நான் வாங்கினதும் எட்டு, கொடுத்ததும் எட்டு. நடுவுல நான் எதுக்கு? நேரா ஏழுகிட்டயே கொடுங்க."

"வரிசையை விட்டவனுக்குத் திரும்ப இடம் கிடையாது. ஊர்க்கட்டுப்பாடு தெரியுமில்ல?"

"தெரியும். நெல்லைப் பாருங்க."

எட்டு விலகினான். கால்களைப் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்கியபோது, ஒன்பது தன் மீதியை ஏழிடம் கொடுத்தார். ஏழொன்பது அறுபத்து மூன்று, எட்டும் சேர்ந்து எழுபத்தொன்று. குழி இல்லை. 111111111 என்று ஒன்பது கால்கள் ஒரே மட்டத்தில் நின்றன. மழை கொட்டியது. ஒரு மணி நெல்கூட நனையவில்லை.

எட்டு வெளியே நின்று நனைந்தான். யாரும் கூப்பிடவில்லை, கட்டுப்பாடு அப்படி.

ஒன்றுதான் வாயைத் திறந்தான். "நட்ட கால் ஒன்பதும் என் உருவம். எனக்கு ஒன்பது இடம், எட்டண்ணனுக்கு ஒன்றுமில்லையா? ஒன்பதுக்குப் பதிலா அவரால பெருக்குற அன்னைக்கு நான் வெளியே போறேன். நட்ட வரிசையில அவர் நிற்கட்டும்."

"அன்னைக்கு நாங்களும் அவனுக்காகத் திரும்பி நிற்கிறோம்" என்றார் ஒன்பது.

12345679 எட்டில்லாமல் நிற்பதும், ஒன்பதால் பெருக்கினால் ஒன்றுகளாகவே நிமிர்வதும் அன்று தொடங்கியதுதான். எட்டால் பெருக்கிப் பாருங்கள்: 98765432. எல்லோரும் திரும்பி நிற்பார்கள், எட்டு தன் அண்ணன் பக்கத்தில் இருப்பான், ஒன்று வெளியே நிற்பான்.