அளந்து விட்ட விரால்

மலையடிக் காட்டில் ஆழமான மடு ஒன்று இருந்தது. அதில் மீன்கள் இருந்தன. மீன்களைப் பசிக்காகப் பிடிப்பவர்களும் இருந்தார்கள். பொழுதுபோகாமல் பிடிப்பவர்களும் இருந்தார்கள்.

பசித்தவர்களால் மடுவுக்குக் கேடு வரவில்லை. வயிறு நிறைந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். பொழுதுபோகாதவர்களுக்குத்தான் நிறைவு என்பதே கிடையாது. முந்தின ஆண்டு நீர்நாய்களும் நீர்க்காகங்களும் போட்டி போட்டுக்கொண்டு மீன் பிடித்துக் கரையில் குவித்தன. தின்னவில்லை. யாருடைய குவியல் பெரியது என்று பார்த்துவிட்டுப் போய்விட்டன. அதற்குப் பிறகு மடுவில் மீன் துள்ளும் சத்தமே கேட்கவில்லை.

அப்போதுதான் எல்லோரும் கூடி விதி செய்தார்கள். விளையாட்டுக்கு மீன் பிடிப்பவர் ஒரு நேரத்தில் ஒரு மீனைத்தான் பிடிக்க வேண்டும். பிடித்ததை நாரையிடம் கொண்டுபோய் அளக்க வேண்டும். நாரையின் அலகைவிடச் சிறிய மீனைத் தொட்டவர் அந்தப் பருவம் முழுவதும் மடுவுக்கு வரக் கூடாது. அளந்த மீனை உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பசித்தவர்களுக்கு இந்த விதிகள் இல்லை.

விதிகளைக் காக்கும் பொறுப்பு நாரைக்கு. மடுவின் கீழ்க்கோடியில், மணல்திட்டில், அது ஒற்றைக்காலில் நிற்கும். அசையாது. அசையாமல் நிற்பதுதான் நேர்மை என்று காட்டில் பலரும் நினைத்தார்கள்.

மேல்கோடியில், கோரைக்கு நடுவே, ஒரு விரால் குஞ்சு பொரித்திருந்தது. அந்த ஆண்டு மடுவில் மிஞ்சியிருந்த விரால் அது ஒன்றுதான். அதன் துணையைப் பருந்து தூக்கிப் போய்விட்டது. பருந்தின் மேல் விராலுக்குக் கோபம் இல்லை. பசி என்பது அதற்கும் தெரிந்ததுதான்.

குஞ்சுகள் குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்தது போலச் சிவப்பாக இருந்தன. எல்லாம் ஒன்றாக மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடிக்கும். ஒன்றாகக் கீழே இறங்கும். அடியில் தாய் நிற்கும். சிவப்பு மங்கி முதுகில் கறுப்பு வரி விழுந்துவிட்டால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும். அதுவரை காக்க வேண்டும். விராலுக்கு வேறு வேலை இல்லை. வேறு நினைப்பும் இல்லை.

அந்த மடுவுக்கு உல்லாசன் என்ற நீர்நாய் தினமும் வரும். கீழே ஓடைக்கற்களுக்கு இடையில் வயிறு முட்ட நண்டு தின்றுவிட்டு, விளையாடுவதற்காக மட்டும் வரும்.

"என்னைப் போல விதிப்படி நடக்கிறவன் இந்தக் காட்டில் இன்னொருவன் உண்டா?" என்று கேட்டுக்கொண்டேதான் தண்ணீரில் இறங்கும். இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒருநாள் மதியம் உல்லாசன் கோரைப் பக்கம் வந்தது. சிவப்புச் சுழலைக் கண்டது. பாறைமேல் உட்கார்ந்து, வாலின் நுனியைக் குஞ்சுகளுக்கு நடுவே விட்டு மெல்ல ஆட்டியது.

விராலுக்குப் பசி இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு நடுவே கறுப்பாக என்னவோ அசைந்தது. பாய்ந்து கடித்தது.

வால் சுண்டியது. விரால் கரையில் கிடந்தது.

"அடேயப்பா! வாலை விட்டதும் விழுந்துவிட்டதே!" என்று குதித்தது உல்லாசன். மயிர் அடர்ந்த வாலில் கடி உறைக்கவே இல்லை.

"தம்பி, என்னை இங்கேயே விட்டுவிடு! பிள்ளைகள் தனியாக இருக்கின்றன!" என்று கெஞ்சியது விரால்.

"விடாமல் என்ன, அக்கா? தின்னவா போகிறேன்? ஆனால் அளக்காமல் விடலாமா? விதி என்று ஒன்று இருக்கிறதே!"

உல்லாசன் ஒரு பல்லும் படாமல் விராலை வாயில் கவ்விக்கொண்டு மடுவின் கரையோரமாகவே நடந்தது. மரங்களில் இருந்த குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக் கூடவே வந்தன.

"உல்லாசண்ணே! தூக்கிக் காட்டுங்கண்ணே!"

"யப்பா, என்னா நீளம்!"

மணல்திட்டில் நாரை தன் அலகை விராலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அலகைவிட விரால் நீளம். நாரை தலையாட்டியது. உல்லாசன் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல விராலைத் தண்ணீரில் விட்டது.

"போய் வா, அக்கா! ஒரு செதில் உதிர்ந்திருக்கிறதா பார்!"

ஒரு செதிலும் உதிரவில்லை. விரால் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிக்கு மூச்சுப் பிடித்து நீந்தியது. கோரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சிவப்புச் சுழல் கலைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரிந்தது. நடுவே ஒரு கெளுத்தி மென்றுகொண்டிருந்தது.

"இத்தனையா தின்றாய்?" என்றது விரால்.

"பசி. தின்றேன். நீ நின்றிருந்தால் நான் கிட்டே வருவேனா? காவல் போய்விட்டது என்று நினைத்தேன்." கெளுத்தி மீசையைச் சேற்றில் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலையில், உல்லாசன் வருவதற்கு முன்னால், விரால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாரையிடம் போனது.

"நாரையாரே, எனக்கு அநியாயம் நடந்துவிட்டது!"

"சொல்லம்மா. அவன் ஒரு மீனுக்கு மேல் பிடித்தானா?"

"இல்லை."

"நீ என் அலகைவிடச் சிறியவளா?"

"இல்லை."

"உயிரோடு விட்டானா, இல்லையா?"

"விட்டான். ஆனால் என் பிள்ளைகள் பாதி போய்விட்டன!"

"பிள்ளைகளை அவன் தொட்டானா?"

விரால் மீதியிருந்த பிள்ளைகளை ஒருமுறை பார்த்தது. பிறகு, "தொடவில்லை," என்றது.

"அப்புறம் என்னம்மா? அதுவும் தவிர, நீ ஏன் கடிக்கிறாய்? நீ கடிக்காவிட்டால் அவனால் பிடிக்கவே முடியாதே!"

அது சரிதான் என்று விராலுக்கும் பட்டது. இனி கடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு திரும்பியது.

மதியம் வால் வந்தது. விரால் பார்த்துக்கொண்டே நின்றது. வாயை இறுக மூடிக்கொண்டது. வால் இடப்பக்கம் ஆடியது, வலப்பக்கம் ஆடியது. கறுப்பாக, நீளமாக ஏதோ அசைவதைக் கண்ட குஞ்சுகள், அம்மாதான் என்று எண்ணி அதன் பின்னால் திரண்டன. உல்லாசன் வாலை மெல்லத் திறந்த தண்ணீர்ப் பக்கம் இழுத்தது. குஞ்சுகளும் கூடவே போயின. அங்கே கோரை இல்லை, நிழல் இல்லை. கீழே கெளுத்தி இருந்தது.

விரால் கடித்தது.

மறுபடியும் கரை. மறுபடியும் குரங்குகள். மறுபடியும் அலகு. திரும்பி வந்தபோது சிவப்புச் சுழல் ஒரு தாமரை இலையின் நிழலுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

இந்த முறை விரால் அழவில்லை. மறுநாள் காலையில் பிள்ளைகளோடு நேரே நாரையிடம் போய், "ஒரு புது விதி வேண்டும்," என்று கேட்டது. "சிவப்புக் குஞ்சு சுழலும் இடத்தில் யாரும் விளையாடக் கூடாது. அவ்வளவுதான்."

நாரை கழுத்தை ஒருமுறை நீட்டி மடக்கியது. "நியாயமான விதி," என்றது. "ஆனால் நான் ஒருவன் செய்தால் விதியாகாது. எல்லோரும் கூட வேண்டும். பெருமழை பெய்து ஓடையில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் கூட்டம்."

"அதற்குள் என் பிள்ளைகளுக்கு வரி விழுந்திருக்கும். இல்லையென்றால் பிள்ளைகளே இருக்காது!"

"அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு உதவும் அல்லவா?" என்றது நாரை.

அன்று உல்லாசன் சீக்கிரமே வந்துவிட்டது. மணல்திட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் படுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டதும் துள்ளி எழுந்து உட்கார்ந்தது.

"அருமையான விதி, அக்கா! எனக்கு இது தோன்றவே இல்லை பார்! கூட்டத்தில் முதல் கை என்னுடையதுதான்!"

விராலுக்கு ஒரு கணம் மூச்சு லேசானது. "அப்படியானால் இன்றிலிருந்தே கோரைப் பக்கம் வர மாட்டாய் அல்லவா, தம்பி?"

உல்லாசன் வியப்போடு பார்த்தது. "இன்று இன்னும் அது விதி இல்லையே, அக்கா!"

அது கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தது. அன்று மதியமும் அதன் வால் தண்ணீரில் இறங்கியது. அன்று மதியமும் விரால் அளக்கப்பட்டது. நீர்க்காகம் ஒன்று மரத்திலிருந்து, "பழகிப்போன மீனைப் பிடிப்பது ஒரு விளையாட்டா?" என்று உல்லாசனைச் சீண்டியது. "விதியை மீறிப் பிடிப்பதற்கு இது மேல்!" என்றது உல்லாசன். குரங்குகள் கைதட்டின.

விரால் திரும்பி வந்தபோது, மீதியிருந்த குஞ்சுகள் ஒற்றைக் கோரைத்தாளின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் ஒரு சின்ன மழை இறங்கியது. மேட்டுப்புல்லில் இருந்து தண்ணீர் நூல்நூலாக மடுவுக்குள் வடிந்தது. விரால் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தது. சேற்று மணம். மேலே எங்கேயோ வேறு நீர் இருக்கிறது.

அது பிள்ளைகளைப் பார்த்தது. "என் வாலுக்குப் பின்னால் வாருங்கள்," என்றது.

விரால் ஈரப்புல்லில் உடம்பை வளைத்து வளைத்து ஏறியது. கல் வயிற்றைக் கீறியது. அதன் உடம்பு பதித்த தடத்தில் கொஞ்சம் நீர் தேங்கியது. அந்த நீரில் சிவப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாகத் துள்ளி ஏறின. சில புல்லிலேயே நின்றுவிட்டன. விரால் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் மற்றவையும் நின்றுவிடும்.

மேட்டுக்கு அப்பால் ஒரு குட்டை இருந்தது. பாதி நீர், பாதி சேறு. அதில் ஒரு காட்டெருமை படுத்திருந்தது.

"வழி தவறிவிட்டாயா? மடு கீழே இருக்கிறது," என்றது எருமை. "தண்ணீர் குடிக்கக்கூட இங்கே யாரும் வர மாட்டார்கள்."

"விளையாட வருவார்களா?"

"இங்கேயா! இந்த நாற்றத்தில் யார் விளையாடுவார்கள்?"

"அப்படியானால் கொஞ்சம் தள்ளிப் படுங்கள்," என்றது விரால்.

எருமை தள்ளிப் படுத்தது.

குட்டையில் இரை குறைவு. வெயிலில் நீர் சுடும். இரவில் எருமை புரளும்போதெல்லாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் வால் எதுவும் வந்து ஆடவில்லை. பிள்ளைகளின் சிவப்பு மெல்ல மங்கியது. ஒரு நாள் வெளிச்சத்தில், ஒரு குஞ்சின் முதுகில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. விரால் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

பெருமழை பெய்தது. ஓடை ஓடியது. மடுவின் கரையில் எல்லோரும் கூடினார்கள். நாரை புது விதியைச் சொன்னது. சொன்னபடியே உல்லாசன்தான் முதலில் கையைத் தூக்கியது. ஒருவரும் மறுக்கவில்லை. விதி நிறைவேறியது.

"இந்த விதியைக் கேட்டது விரால். அதனிடம் போய்ச் சொல்லுங்கள்," என்றது நாரை.

"நானே போகிறேன்!" என்று உல்லாசன் பாய்ந்தது. கோரைக்கு நடுவே தலையை நீட்டி, "அக்கா! விதி வந்துவிட்டது! இனி உன்னை யாரும் பிடிக்க மாட்டார்கள்!" என்று கூவியது.

கோரை மட்டும் ஆடியது. உல்லாசன் முங்கிப் பார்த்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தேடியது. பிறகு நனைந்த முகத்தோடு திரும்பி வந்தது.

"விரால் இல்லை, நாரையாரே. மடுவில் ஒரு விரால்கூட இல்லை."

நாரை சற்று யோசித்தது. "இருக்கட்டும். விதி இருக்கிறது," என்றது.

அன்றிலிருந்து அந்த மடுவில் புது விதியை யாரும் ஒருமுறைகூட மீறவில்லை. மீறுவதற்கு அங்கே சிவப்பாக எதுவும் சுழலவில்லை.

தவறு என்று தன் மனதுக்குத் தெரிந்த பின்னும் அதை நிறுத்த ஒரு விதி வரட்டும் என்று காத்திருப்பவன், எந்த விதியையும் மீறாமலே எல்லாவற்றையும் அழித்துவிடுவான்.