நல்லதண்ணிக் கிணறு ஸ்டாப்

ஆவுடையப்பன் அண்ணாச்சி எம்.ஏ. வரலாறு சேர்ந்த வருஷம் அவருக்குப் பேரன் பிறந்திருந்தான். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. யார் ஆய்வேடு கொடுத்தாலும் பைண்டிங் போட்டு, அட்டையில் தங்க எழுத்து பதித்துக் கொடுப்பவர் அவர்தான்.

பி.ஏ.வோடு படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார வைத்த அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, மாலை வகுப்பில் இடம் வாங்கினார். "யாத்தே, அண்ணாச்சி பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாவளே!" என்று தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். அந்தத் தங்க எழுத்தில் ஒரு தடவையாவது தன் பேரைப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

அந்த ஆசையில் மனுஷன் ஒரு காரியம் பண்ணினார். ஒரு வரிகூட எழுதாமல் முதலில் அட்டையைத் தயார் செய்துவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் தலைப்புக் கொடுக்க வேண்டும். தலைப்பு இல்லையென்றால் ஆய்வேடு இல்லை; ஆய்வேடு இல்லையென்றால் பட்டம் இல்லை. அண்ணாச்சி அட்டையைக் கொண்டுபோய்ப் பேராசிரியர் ஜெசிந்தாவின் மேசையில் வைத்தார். ஜெசிந்தாவுக்கு அவருடைய மூத்த மகள் வயசுதான் இருக்கும்.

'தென்பாண்டி நாட்டு வரலாறு: ஆதி முதல் இன்று வரை – ஓர் ஆய்வு.'

ஜெசிந்தா திறந்து பார்த்தார். உள்ளே வெறும் வெள்ளைத்தாள்.

"எழுத்து நல்லா விழுந்திருக்கு அண்ணாச்சி. இதுல நீங்க தேடுற கேள்வி என்ன?"

"வரலாற்றுல என்ன மேடம் கேள்வி? நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஆதியில கிளம்பினா இந்த ஜென்மத்துல இன்னைக்கு வந்து சேர மாட்டீங்க."

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போனது. ஏற்கெனவே இரண்டு தலைப்பு திரும்பி வந்திருந்தது. "அப்ப நீங்களே ஒண்ணு சொல்லிருங்க. எழுதிட்டுப் போறேன்."

"வாங்க, டீ குடிப்போம்."

அண்ணாச்சியின் கடைக்குப் பக்கத்திலேயே டீக்கடை. கிளாஸ் கைக்கு வருவதற்குள் டவுன் பஸ் வந்து நின்றது. "நல்லதண்ணிக் கிணறெல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். நாலைந்து பேர் இறங்கினார்கள்.

"கிணறு எங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. "நல்லா கேட்டீய போங்க! ஸ்டாப்புக்குப் பேருதான் அது. கிணத்தை அந்தக் காலத்துலயே மூடியாச்சு."

"எந்த இடத்துல?"

அவர் தன் கடையைக் காட்டினார்.

"யாரு மூடினது?"

"எங்க தாத்தா. எங்க கிணறுதான்."

"ஏன்?"

"தண்ணி உப்பாயிட்டுன்னு வீட்டுல சொல்லுவாவ."

"வீட்டுல அப்படிச் சொல்லுவாங்க. வெளிய?"

அண்ணாச்சி டீயை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது. பிறகு சொன்னார்: "கீழத்தெருவுல வேற மாதிரி ஒரு பேச்சு உண்டு மேடம். அவுக ஆளுங்க குடத்தோட தண்ணி எடுக்க வந்தாவளாம். தீட்டுன்னு மறுநாளே மண்ணைக் கொட்டி மூடிட்டாவளாம். சும்மா பேச்சுதான். நான் கேட்டுக்கிட்டது இல்ல."

"உப்பான தண்ணியா, குடமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான், உப்புத்தண்ணி என்று இனி அடித்துச் சொல்ல முடியாது என்பது அவருக்கே உறைத்தது. கூடத்துச் சுவரில் மாலையோடு இருக்கிற தாத்தா படத்தைத் தினமும் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறக்கிறார்.

"வேண்டாம் மேடம். தாத்தா பேரு கெட்டுரும்."

"கெடலாம். கெடாமலும் போகலாம். போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

"பட்டத்துக்காகக் குடும்ப மானத்தை விக்கச் சொல்லுதீயளா?"

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. ஆதி முதல் இன்று வரைன்னே கொடுங்க. கையெழுத்துப் போட்டுத் தாரேன். யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஜெசிந்தா டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குள் போய்விட்டார். அண்ணாச்சி நின்ற இடத்திலேயே நின்றார். கடைக்கு வந்த பிள்ளைகள் கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை. அலுவலகம் பூட்டுகிற நேரத்தில் மூச்சு வாங்க ஓடிவந்து, ஒரு தாளை நீட்டினார்.

'நல்லதண்ணிக் கிணறு ஏன் மூடப்பட்டது?'

ஜெசிந்தா கையெழுத்துப் போட்டார்.

"திட்டத்தையும் சொல்லிருதேன் மேடம்" என்றார் அண்ணாச்சி. "எங்க அத்தை ஒருத்தி இருக்கா, அந்தக் காலத்து மனுஷி. நகராட்சியில பழைய காகிதம் கிடக்கும். தாத்தாவோட கூட்டாளி மகன் பாளையங்கோட்டையில இருக்காரு. முதல்ல யாருகிட்டப் போக?"

ஜெசிந்தா பேனாவை மூடினார்.

"கீழத்தெருவுல யாரையும் சொல்லலையே அண்ணாச்சி. உங்களைக் கண்டதும் 'உள்ள வாங்க'ன்னு சொல்லலாமா வேண்டாமான்னு யோசிப்பாங்க பாருங்க, அவங்ககிட்டப் போங்க."