கிழமைக்கு ஒன்று

திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் பிலோமினா தலைமை மருந்தாளர். அவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தவர் குகதாசன். வவுனியாவில் பிறந்து, அகதியாக இங்கு வந்து படித்தவர். குருவைவிட ஒன்பது வயது மூத்தவர்.

மருந்துப் பிரிவுக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதும் வேலையைக் குரு அவருக்குக் கொடுத்திருந்தார். ஏழு மாதத்தில் நாற்பத்தெட்டு விதிகள் எழுதினார். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் மூன்று முறை குருவின் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

நான்காம் முறை அவர் கேட்டுவிட்டார்.

“என்ன குறை மேடம்?”

“ஜன்னலுக்கு வாங்க அண்ணாச்சி. அடுத்த மருந்துச் சீட்டை நீங்க பாருங்க.”

அடுத்து நின்றவர் முத்துப்பேச்சி. பீடி சுற்றுகிறவர், விரல் மூட்டெல்லாம் வீக்கம். சீட்டில் இருந்தது வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடவேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

‘நிதானமாக, தெளிவாகச் சொல்’ என்ற தன் இருபத்து மூன்றாம் விதிப்படியே குகதாசன் சொன்னார்.

“கிழமைக்கு ஒண்டு. கூடப் போடக்கூடாது. விளங்கினதோ?”

“வெளங்குச்சு ஐயா.”

நாலு மாத்திரையை நீட்டினார். குரு நடுவில் கையை வைத்தார்.

“எப்படிப் போடுவீங்கம்மா?”

“கிழமைக்கு ஒண்ணு. திங்களுக்கு ஒண்ணு, செவ்வாய்க்கு ஒண்ணு, புதனுக்கு ஒண்ணு. ஆனா நாலுதானே இருக்கு? வியாழனோட தீந்துருமே. மிச்சக் கிழமைக்கு?”

குகதாசனுக்குப் புரிந்தது. அவர் ஊரில் கிழமை என்றால் வாரம். இந்த ஊரில் அது நாள்.

குரு கையை எடுத்துக்கொண்டார்.

குகதாசன் மாத்திரையைத் தன் பக்கம் இழுத்தார்.

“அம்மா, பிழை என்னிலதான். வாரத்தில உங்களுக்கு மறக்காத நாள் எது?”

“செவ்வாய். பீடியைக் கொண்டுபோய்க் கடையில குடுக்கிற நாளு.”

“செவ்வாய் மட்டும் ஒண்டு. மற்ற ஆறு நாளும் தொடக்கூடாது. இப்ப நீங்க சொல்லுங்கோ.”

“செவ்வாய் மட்டும் ஒண்ணு. மத்த ஆறு நாளும் தொடமாட்டேன். நாலு மாத்திரை, நாலு செவ்வாய்.” அவர் நிமிர்ந்து நின்றார். “நான் பாஸா ஐயா?”

“நீங்க பாஸ்,” என்றார் குரு. “இவருக்குத்தான் இன்னும் மார்க் போடலை.”

முத்துப்பேச்சி சிரித்தபடி மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.

குகதாசன் தன் தாள்களில் இருபத்து மூன்றாம் விதியை முழுதாக அடித்தார். பேனாவோடு குருவிடம் திரும்பினார்.

“இந்த இடத்தில என்ன எழுத மேடம்?”

“இப்ப நீங்க செஞ்சதை.”