ஒன்பதாம் அத்தியாயத்துக்கு முன்

"இருபது நாளாக நூலகத்துக்கு ஒருவரும் வரவில்லை, அம்மா" என்றார் சிதம்பரநாதன்.

குற்றால மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்தில் குருவை எல்லோரும் அம்மா என்றுதான் அழைப்பார்கள். அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. சிதம்பரநாதனுக்கு அறுபத்தொன்று. அரசு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் இங்கே வந்து தங்கியவர். ஆசிரமத்துப் புத்தகங்கள் நாலாயிரத்துக்கும் அவரே எண் எழுதி, அட்டை போட்டு, அலமாரியில் அடுக்கியிருந்தார்.

அன்பர் ஒருவர் பத்து டேப்லெட் கணினி வாங்கிக் கொடுத்ததிலிருந்து எல்லோரும் அதிலேயே படிக்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். ஏதோ ஒரு மின்நூலகத்திலிருந்து கேட்ட புத்தகம் நொடியில் வந்து இறங்கிவிடுகிறதாம். இனி அறையைப் பூட்டிவிடலாமா என்று கேட்டார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யார் வரவில்லை, அண்ணாச்சி?"

"யாருமே வரவில்லை."

"ஒரு பெயர் சொல்லுங்கள்."

அவருக்குக் கோமதியக்காவின் பெயர்தான் முதலில் வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, பிறகு ஆசிரமத்தில் வந்து தங்கியவர். தினமும் பத்து மணிக்கு வந்து ஜன்னலோரம் உட்காருவார். அப்படி ஒரு வாசகரைத் தன் காலத்தில் பார்த்ததில்லை என்றார் சிதம்பரநாதன். இப்போது அவரும் வருவதில்லை.

"போய்ப் பார்த்தீர்களா?"

"இல்லை அம்மா."

அம்மா உள்ளே போய், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஒரு டேப்பை எடுத்து வந்தார். அது கோமதியக்காவுடையது, கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார்.

சிதம்பரநாதன் அதை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு போனார்.

கோமதியக்கா கட்டிலில் தலையணைமேல் சாய்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் ஆபரேஷன் என்றார்.

டேப்பை வாங்கியதும் இரண்டு விரலால் திரையை விரித்தார். எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு திரைக்கு எட்டு வார்த்தைதான் நின்றது.

"இதுக்குக் குறைஞ்சா எனக்குத் தெரியாது தம்பி. ரெண்டு வருஷமாச்சு."

"ரெண்டு வருஷமாவும் தினம் வந்து படிச்சீங்களே அக்கா?"

கோமதியக்கா அவரைப் பார்க்காமல் சொன்னார்.

"படிக்கலை. பக்கத்தைத் திருப்பிட்டு இருந்தேன். நான் வருவேன்னு புதுப் புத்தகத்தையெல்லாம் துடைச்சு எடுத்து வச்சிருப்பீங்க. கண்ணு தெரியலைன்னு எப்படிச் சொல்ல?"

அந்த இரண்டு வருடமும் அவரிடமிருந்து நாலடி தள்ளித்தான் சிதம்பரநாதன் உட்கார்ந்திருந்தார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார்.

கோமதியக்கா ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தார். தோணித்துறையில் பிரிந்துபோன அக்காள் தங்கை கதை. வியாழக்கிழமை அவர் போனபோது திரையில் கதை இல்லை. இரவல் காலம் முடிந்தது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. மின்நூலகம் புத்தகத்தைத் தானாகவே திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டது. மறுபடி கிடைக்க, முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"இன்னும் ரெண்டே அத்தியாயம்" என்றார் கோமதியக்கா. "பரவாயில்லை. முடிவு தெரியாமலே போயிட்டு வாறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கதை இல்லாத திரையையே விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

சிதம்பரநாதன் எழுந்து நூலகத்துக்கு ஓடினார். அதே நாவல் மூன்றாவது அலமாரியில் இருந்தது. எடுத்து வந்து, கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

அரசாங்க அறிவிப்பைப் படிப்பதுபோல் படித்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளை அழுதுட்டு இருக்கா" என்றார் கோமதியக்கா. "கொஞ்சம் மெதுவா."

மெதுவாகப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது பாதி வரியில் நிறுத்தி, துண்டால் கண்ணைத் துடைத்தார்.

கோமதியக்கா காத்திருந்தார். பிறகு, தெரிந்த கதைதானே என்று கேட்டார்.

"இல்லை அக்கா. இதுக்கு ரெண்டு தடவை அட்டை போட்டிருக்கேன். உள்ளே பார்த்ததில்லை."

வெள்ளிக்கிழமை காலையில் கார் வந்தது. கோமதியக்காவை ஏற்றிவிட வந்த சிதம்பரநாதன் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தார்.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"எட்டாம் அத்தியாயம் முடிஞ்சுது."

"அப்போ அங்கேயே நில்லுங்க. ஒன்பதைத் தனியா இருந்து படிக்கக் கூடாது. நான் வந்திடுறேன்."

கார் போய்விட்டது.

நாலு நாள் கழித்து, ஆபரேஷன் முடிந்தும் கோமதியக்காவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை என்று செய்தி வந்தது. அன்று மாலை சிதம்பரநாதன் அம்மாவைத் தேடிப் போனார். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரே உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர் வராமலே போய்விட்டால், அம்மா?"

அம்மா புத்தகத்தைப் பார்த்தார்.

"என்ன கதை, அண்ணாச்சி?"

சிதம்பரநாதன் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு தோணி ஆடுவதைக் கையால் ஆட்டிக் காட்டி, தங்கையின் குரலில் பேசி, எட்டு அத்தியாயங்களையும் சொன்னார். வாழ்நாளில் அவர் யாருக்கும் கதை சொன்னதில்லை. அத்தனை நேரமும் அம்மாவின் கையில் அதே துண்டு மடிக்கப்படாமல் இருந்தது.

அவர் நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றார் அம்மா.

"தெரியாது. கடைசி ரெண்டு அத்தியாயம் தெரியும். நடுவில் தெரியாது. அவர் வந்தபிறகுதான்."

அம்மா தலையசைத்தார். "அப்படியானால் நானும் காத்திருக்கிறேன்."

கோமதியக்கா இருபத்தாறாம் நாள் திரும்பி வந்தார். பாதியாக இளைத்திருந்தார். பேச்சு முணுமுணுப்பாகத்தான் வந்தது. சிதம்பரநாதன் முக்காலியை இழுத்துப் போட்டு, புத்தகத்தைப் பிரித்தார்.

கோமதியக்கா அதன்மேல் கையை வைத்து மூடினார். தலையணைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்தார். மின்நூலக வரிசையில் நேற்றுத்தான் அவர் முறை வந்திருந்தது.

"நீங்க கேளுங்க தம்பி" என்றார். "நான் படிக்கிறேன்."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவும் வந்து தரையில் உட்கார்ந்தார்.