ஒரு கூடை விளைமீன்

கரையில் மீன் ஏலம் விடுகிற பிலோமினாளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லோருக்கும் அவர் ஏலக்காரம்மா. வயது நாற்பத்து நான்கு. தொழில் யோசனை கேட்டு அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

லூர்துராஜும் மூத்தவர். சொந்தப் படகில் கடலுக்குப் போனவர். தோள்பட்டை விட்டுப்போனதும் படகை விற்றார். அந்தப் பணத்தில் பாதியைக் கருவாட்டில் போட்டார். காயப்போட்ட கருவாட்டின் மேல் மூன்று நாள் மழை பெய்தது. மீதிப் பாதியை ஐஸ் கம்பெனியில் பங்காகப் போடுவதாகப் பேச்சு முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து.

"அதுக்கு முந்தி ஏலக்காரம்மாவைப் பாத்துட்டு வாங்க" என்றாள் அவர் மனைவி மரியசெல்வம். "இந்தத் தடவையும் போச்சுன்னா நமக்கு மிச்சம் வீட்டுக் கூரைதான்."

செவ்வாய்க்கிழமை அவர் வந்து நின்றபோது ஏலக்காரம்மா காலியான கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தத் தொழில்லம்மா லாபம் இருக்கு?"

"எதுல இருக்குன்னு நினைக்கீங்க அண்ணாச்சி?"

"ஐஸ்ல. கம்பெனி வச்சிருக்கிற சேசையா மாடி வீடு கட்டிட்டாரே."

"மாடியைப் பாத்தீங்க."

"ஊரே பாக்குது."

ஏலக்காரம்மா கடைசிக் கூடையையும் கவிழ்த்தார்.

"நாளைக்கு ஒரு நாள் நான் சொல்லுறபடி செய்வீங்களா?"

"செய்வேன்."

"ஏன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் ஏலம் நடந்தது. ஒரு கூடை விளைமீனை மொத்த வியாபாரி இசக்கிதுரை எடுத்தார். ஏலக்காரம்மா அந்தக் கூடையைக் காட்டினார்.

"இது பின்னால போங்க. யார் யார் இதுல சம்பாதிக்காங்களோ, அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. லாபம் எவ்வளவுன்னு கேக்காதீங்க, பொய் சொல்லுவாங்க. உங்களுக்கு மோசமான நாள் எதுன்னு கேளுங்க."

லூர்துராஜ் சற்று யோசித்தார். "அப்போ முதல்ல உங்ககிட்டதான் கேக்கணும்."

"கேளுங்க."

"உங்களுக்கு மோசமான நாள் எது?"

"கூடை வராத நாள். விலை ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு நூத்துக்கு அஞ்சு. கூடையே வரலைன்னா நூறு எங்க இருக்கு?"

கூடை ஐஸ் கம்பெனி வாசலுக்குப் போனது. இசக்கிதுரையின் ஆட்கள் ஐஸை உடைத்து மீன் மேல் பரப்பினார்கள். சேசையா வெளியே வந்து, பங்காளியாகப் போகிறவரைப் பார்த்துச் சிரித்தார். லூர்துராஜ் கேள்வியைக் கேட்டார்.

"போட்டு கடலுக்குப் போகாத நாள் எல்லாமே மோசம்தான்" என்றார் சேசையா. "மெஷினை நிறுத்தினா உறைஞ்சதெல்லாம் தண்ணி. ஓட்டினா கரண்டு பில்லு. தடைக்காலம் மட்டும் அறுபத்தோரு நாளு. புயல் எச்சரிக்கை தனி."

"அப்புறம் மாடி?"

"அது டீசல்ல கட்டினது. ஐஸ் ஏத்த வர்ற போட்டு நம்மகிட்டயே டீசலும் ஊத்திக்கிடும். ஐஸ் அவங்களை இங்க கூட்டிட்டு வருது, அவ்வளவுதான்."

"டீசல்லயும் எனக்குப் பங்கு உண்டா?"

"டீசல் தனியா என் பேருல இருக்கு அண்ணாச்சி. உங்களுக்குப் பேசினது ஐஸ் பங்கு." சேசையா கொஞ்சமும் தயங்காமல்தான் சொன்னார். அதில் மறைக்க எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

லூர்துராஜ் போய் இசக்கிதுரையின் டெம்போவில் ஏறினார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இசக்கிதுரை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தார்.

"உங்களுக்கு மோசமான நாள் எது தம்பி?"

"இதோ, இதான். ஏழரைக்கு மார்க்கெட்ல இறங்கினா ஒரு விலை. எட்டரைக்கு இறங்கினா அதே மீனுக்கு வேற விலை. பத்து மணிக்கு மேல யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"மீன் ஒண்ணுதானே?"

"மீன் ஒண்ணுதான்."

கூட்ஸ் வண்டி ஒன்று நிதானமாகக் கடந்துபோனது. லூர்துராஜ் பெட்டிகளை எண்ணவில்லை. இசக்கிதுரை எண்ணினார்.

டவுன் மார்க்கெட்டில் கூடையில் பாதி இறங்கியது. அதில் ஆறு மீனைத் தங்கபுஷ்பம் என்கிற பெண் வாங்கினாள். தலையில் சட்டியை வைத்துத் தெருத் தெருவாகப் போகிறவள். அவளோடும் லூர்துராஜ் நாலு தெரு நடந்தார். அவள் விலை கூவவில்லை. கதவைத் தட்டினாள், சட்டியை இறக்கினாள், வாசலிலேயே செதில் சுரண்டித் துண்டு போட்டுக் கொடுத்தாள். மார்க்கெட்டைவிட விலை கூடுதல். யாரும் பேரம் பேசவில்லை.

"எப்படித் தாயி?"

"அந்த நீல கேட் வீட்டுப் பிள்ளைக்கு முள்ளு ஆகாது. எதுத்த வீட்டுல தலை மட்டும் கேப்பாங்க, மாப்பிள்ளைக்கு. இதெல்லாம் மார்க்கெட்டுக்குத் தெரியுமா?"

"உனக்கு மோசமான நாள்?"

"கார்த்திகை மாசம். பாதித் தெரு மாலை போட்டுரும்." அவள் சட்டியைத் தூக்கினாள். "அந்த மாசம் கீரை விப்பேன். வீடு அதே வீடுதானே."

கூடையின் மறுபாதி ஆறுமுகநயினார் ஹோட்டலுக்குப் போயிருந்தது. லூர்துராஜ் அங்கே போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. அன்று ஒரு காதுகுத்து விருந்து; இருநூறு இலை. ஆறுமுகநயினார் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். நடந்தபடியே லூர்துராஜின் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டார்.

"சாப்பாட்டுல எனக்கு ஒண்ணும் நிக்காது. வறுத்த துண்டுலதான் காசு. சாப்பாட்டுக்கு வர்றவன் துண்டு வாங்கணும். மோசமான நாளுன்னா, மீன் கெட்ட நாள். ஒருத்தன் வயித்தைப் பிடிச்சா போதும், ஒரு வருசத்துக்கு எவனும் துண்டு வாங்க மாட்டான்."

அப்போது வெளியூர் வேன் ஒன்று வந்து நின்றது. விருந்துக்கான சீலா மீன், நாலு பெட்டி. பெட்டியைத் திறந்ததும் ஐஸ் பளபளத்தது. ஆறுமுகநயினார் எடையைப் பார்க்கக் குனிந்தார்.

லூர்துராஜ் ஒரு மீனைத் தூக்கினார். செவுளை விரித்தார். வயிற்றை விரலால் அழுத்தினார். அழுத்திய குழி அப்படியே நின்றது. இன்னொரு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். பிறகு மூன்றாவது பெட்டி.

"வாங்காதீங்க" என்றார்.

"யாரு நீங்க?" என்றான் வேன்காரன். "நேத்துப் போட்ட ஐஸ் இது. இன்னும் கரையக்கூட இல்ல."

"ஐஸ் நேத்துப் போட்டதுதான். மீன் பிடிச்சு ஆறு நாளாச்சு."

"எப்படிச் சொல்லுறீங்க?"

லூர்துராஜ் மீனை ஆறுமுகநயினாரின் கையில் கொடுத்தார். "செவுளை மோந்து பாருங்க. கண்ணு உள்ள போயிருக்கு. இது வலையிலயே செத்துக் கெடந்த மீனு, தூண்டில்ல வந்ததுன்னா உதட்டுல காயம் இருக்கும்."

ஆறுமுகநயினார் மோந்து பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அடுப்படியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"இருநூறு இலை" என்றார். "இப்போ நான் எங்க போவேன்?"

"சைக்கிள் இருக்கா?"

லூர்துராஜ் மார்க்கெட்டுக்குப் போனார். மணி பதினொன்றே கால். யாரும் திரும்பிப் பார்க்காத மீன்கள் பலகைகளில் கிடந்தன. ஒவ்வொரு பலகையிலும் கை வைத்தார். ஒரு பலகையில் இரண்டு, இன்னொன்றில் ஐந்து. சில பலகைகளை அப்படியே தாண்டினார். பாறை மீனும் விளைமீனுமாகச் சேர்ந்ததை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சைக்கிளில் பின்னால் வந்தார். சீலாவுக்குப் பேசியிருந்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை.

விருந்து நடந்தது. இலை எடுக்கும்போது ஒரு பெரியவர் இன்னொரு துண்டு கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஆறுமுகநயினார் தானே ஒரு இலை போட்டு லூர்துராஜை உட்கார வைத்தார்.

"நாளைக்கும் வருவீங்களா?"

"எதுக்கு?"

"மீன் எடுக்க. நீங்க எடுத்தா போதும், கிலோவுக்கு இவ்வளவுன்னு தந்துருதேன். எங்க மச்சான் ரெண்டு ஹோட்டல் வச்சிருக்கான், அவனுக்கும் சேத்து."

லூர்துராஜ் துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "அஞ்சரைக்குக் கரையில இருப்பேன். ஆட்டோ அனுப்புங்க" என்றார்.

வியாழக்கிழமை மூன்று ஹோட்டலுக்கும் எடுத்தார். வெள்ளிக்கிழமை சேசையாவிடம் போய், பங்கு வேண்டாம் என்று சொன்னார். சேசையாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் காபி கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை காலை ஏலம் மும்முரமாக இருந்தது. ஹோட்டல்களுக்கு எடுத்து முடித்துவிட்டு லூர்துராஜ் ஏலக்காரம்மா பக்கத்தில் வந்து நின்றார். நடந்ததையெல்லாம் சொன்னார். ஏலக்காரம்மா கூடைகளில் கண்ணை வைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

"எல்லாருக்கும் லாபம் இருக்கும்மா. ஆனா ஒருத்தருக்கு வர்ற வழியில இன்னொருத்தருக்கு வரலை."

"ம்."

"ஒண்ணுதான் உறுத்துது. வீட்டுலயும் கேக்கா. கையில இருக்கிற பணம் அப்படியே இருக்கு. அஞ்சு பைசா முதல் போடாம கிலோவுக்கு இவ்வளவுன்னு வாங்குதேன். முதல் போடாத தொழில் நிலைக்குமா?"

அடுத்த கூடை வந்து இறங்கியது. ஏலக்காரம்மா அதிலிருந்து ஒரு மீனை எடுத்து அவரிடம் நீட்டினார். லூர்துராஜ் யோசிக்காமலே செவுளை விரித்துப் பார்த்தார்.

"எப்போ வலையில பட்டது?"

"ராத்திரி ரெண்டு மணி இருக்கும். தெக்க, கடலடிப் பாறைப் பார் ஓரமா."

"கடலுக்குப் போக ஆரம்பிச்சு எத்தனை வருசம்?"

"படகை விக்கிற வரைக்கும் முப்பத்தோரு வருசம்."

"முதல் போடலைன்னு சொன்னீங்களே, அண்ணாச்சி" என்றார் ஏலக்காரம்மா. மீனை வாங்கிக் கூடையில் போட்டுவிட்டு விலை கூவத் தொடங்கினார்.