பலாச்சுளை ஆராய்ச்சி

நெல்வாய்க் கோட்டையை ஆண்ட மருதவாண மன்னர் தங்கமான மனிதர். ஆனால் எடுப்பார் கைப்பிள்ளை. யாராவது வந்து புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், மறுநாளே அது நாட்டுக்குச் சட்டமாகிவிடும்.

அப்படி ஒரு நாள் மேகநாதப் பண்டிதர் நாற்பது பிள்ளைகளோடு அவைக்கு வந்தார். பிள்ளைகளின் குடுமியைக் கயிற்றால் உத்திரத்தில் கட்டிவிட்டுப் பாடம் நடத்தினால் தூக்கம் வராதாம், புத்தி அலையாதாம், படித்ததெல்லாம் மண்டையில் ஏறுமாம். ஒரே மாதம் கட்டிப் பார்த்தாராம். நாற்பது பேரும் பெருக்கல் வாய்பாடு முழுவதையும் சுவடியைப் பார்க்காமலே ஒப்பித்தார்கள். மன்னர் சொக்கிப்போனார். வெள்ளிக்கிழமை முதல் எல்லாப் பள்ளியிலும் குடுமி கட்ட வேண்டும், கட்டாத வாத்தியார் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஓலை பறந்தது.

அந்த ஓலையால் முதலில் லாபம் கண்டவர் நாவிதர்தான். பெற்றவர்களுக்குத் திடீரென்று பழைய வேண்டுதலெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளைகளுக்கு மொட்டை போட வரிசையில் நின்றார்கள்.

கீழத்தெரு வாத்தியார் நாச்சியப்பர் மட்டும் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டு மூட்டை முடிச்சைக் கட்டினார். போவதற்கு முன் தம் சிநேகிதன் அம்பலவனைப் பார்க்க வந்தார். அம்பலவன் மன்னரின் அவையில் இருப்பவன், வாய்ச்சாலகன்.

"இருபது வருசத்துல ஒரு பிள்ளையைக் கிள்ளினதுகூட இல்ல அம்பலவா. இப்போ கட்டித் தொங்கவிடச் சொல்றாங்க. நான் எங்கயாவது போய்ப் பொழைச்சுக்குவேன். என்கிட்ட இருக்கிற முப்பது பிள்ளைங்களை யாரு பாத்துக்குவா?"

அம்பலவனுக்கு அப்போதே அவைக்கு ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் நேரே போய்ப் பண்டிதரைக் குறை சொன்னால் மன்னர் அதைப் பொறாமை என்றுதான் நினைப்பார். அந்த நாற்பது பிள்ளைகளும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று மட்டும் விசாரித்துவைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை ஒரு பெரிய பலாப்பழத்தோடு அவைக்கு வந்தான். தானும் ஓர் ஆராய்ச்சி செய்திருப்பதாகச் சொல்லி, பண்டிதரின் அதே நாற்பது பிள்ளைகளையும் வரவழைத்தான். ஆளுக்கொரு சுளை கொடுத்தான். தின்ற வாயோடு ஒப்பிக்கச் சொன்னான். நாற்பது பேரும் மடமடவென்று ஒப்பித்தார்கள். ஒருவன் இன்னொரு சுளை கிடைக்கும் என்ற ஆசையில் இரண்டாவது தடவையும் ஒப்பித்தான்.

"பார்த்தீர்களா மன்னா? பண்டிதருக்கு ஒரு மாதம் ஆயிற்று. என் பலாச்சுளைக்கு ஒரு நாழிகைகூட ஆகவில்லை" என்றான் அம்பலவன்.

மன்னர் பலாச்சுளைக்கும் ஓலை எழுதச் சொல்லப்போனார். பண்டிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இது சுத்தப் பித்தலாட்டம் மன்னா. பலாச்சுளை கொடுப்பதற்கு முன்பே இவர்களுக்கு வாய்பாடு தெரியும். எல்லோரும் அரண்மனைக் கணக்கர் வீட்டுப் பிள்ளைகள். தொட்டிலிலேயே வாய்பாடு கேட்டு வளர்ந்தவர்கள்."

அம்பலவன் பணிவாகத் தலையாட்டினான். அதை அப்படியே ஓலையில் எழுதிக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொல்லிவிட்டு, வேறு குறை உண்டா என்று பண்டிதரையே கேட்டான்.

கேட்டதுதான் தாமதம், பண்டிதர் பொரிந்து தள்ளினார். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் கூட்டிச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்குப் பலாச்சுளை கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் பார்த்திருக்க வேண்டும் என்றார். பலாச்சுளை கொடுத்தவனே பரீட்சையும் வைப்பது எந்த ஊர் நியாயம், பெண் அழகாக இருக்கிறாளா என்று பெற்ற தாயிடமா விசாரிப்பது என்றார். எழுத்தர் ஒன்று விடாமல் எழுதினார்.

"ஐயா, ஒரு சின்னத் திருத்தம்" என்றான் அம்பலவன் எழுத்தரிடம். "பலாச்சுளை கொடுப்பது என்று வருகிற இடத்தில் எல்லாம் குடுமி கட்டுவது என்று மாற்றி, பண்டிதர் சொன்னதை மன்னருக்குப் படித்துக் காட்டுங்கள்."

எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "குடுமி கட்டுவதற்கு முன்பே இவர்களுக்கு வாய்பாடு தெரியும்..."

அவையில் சிரிப்பு கிளம்பியது. எழுத்தர் சீட்டுக் குலுக்கலுக்கு வந்தபோது பண்டிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளை ஒரு தடவையாவது சோதித்தீரா என்று மன்னர் கேட்டார். பண்டிதர் இல்லை என்று தலையாட்டினார்.

பழைய ஓலை அங்கேயே கிழிந்தது. நாச்சியப்பரின் மூட்டையை அவிழ்க்கச் சொல்லி ஆள் ஓடியது. மன்னருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பண்டிதரை நாடு கடத்தப்போவதாகச் சொன்னார்.

"வேண்டாம் மன்னா" என்றான் அம்பலவன். "அடுத்தவன் ஆராய்ச்சியில் ஓட்டை கண்டுபிடிக்க இவரைவிட்டால் நமக்கு வேறு ஆள் கிடையாது. இனி யார் எதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாலும் முதலில் இவரே பார்க்கட்டும். இவருடையதை மட்டும் வேறு யாரிடமாவது காட்டிக்கொள்வோம்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்து, அப்போதே பதவி ஓலையை எழுதிப் பண்டிதர் கையில் கொடுத்தார். பண்டிதர் அதை ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டு, அதில் மூன்று குறை இருப்பதாகச் சொன்னார்.